உட்கார்ந்தபடி தொண்ணூற்றைந்து

இந்த வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கைகளுக்கு,

திங்கட்கிழமை முதல் நான் இங்கே இருக்க மாட்டேன். செவிலியர் கல்லூரியில் பாடம் எடுக்கப் போகிறேன். இதய அறுவை சிகிச்சை முடிந்தவர்களோடு ஒன்பது வருடம் இருந்தவள் என்பதால், போவதற்கு முன் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஊசி போடவும் வடிகுழாய் எடுக்கவும் கட்டு மாற்றவும் சொல்லித்தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு தவறை மட்டும் எழுதுகிறேன். எந்தப் பதிவேட்டிலும் அது தவறு என்று இல்லை. அதனால் வேறு யாரும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அம்மா நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கியவர். கைநாட்டு. அப்பா லாரி டிரைவர். நாலைந்து மாநிலத்து ஊர்ப் பலகைகளைப் பார்த்த மாத்திரத்தில் எந்த ஊர் என்று சொல்லிவிடுவார், ஒரு வரி எழுத வராது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சீருடையோடு சூரமங்கலத்தில் டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் "சிஸ்டர், உள்ள வாங்க, சீட் இருக்கு" என்றார். அன்றைக்கு நிமிர்ந்த முதுகு இன்னும் வளையவில்லை. வளைய வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை. நோயாளியின் தாளில் எழுதும் ஒவ்வொரு வரியையும் எழுதத் தெரியாத அந்த இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுவதாகத்தான் எனக்கு எண்ணம். வார்டில் என் கையெழுத்துத்தான் அழகு என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அது தெரியும்.

நான் சேர்ந்து நான்காவது வருடம் பெரியண்ணன் என்ற நோயாளி வந்தார். புதுச்சத்திரத்துக்காரர், ஐம்பத்தாறு வயது. முப்பது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். இருபது வயதிலிருந்து பீடி. பைபாஸ் நன்றாகவே நடந்தது. செயற்கைச் சுவாசக் குழாயை எடுக்கத்தான் மற்றவர்களைவிட இரண்டு நாள் கூடுதலாயிற்று. பீடி குடித்த நுரையீரல், கொஞ்சம் மெதுவாகத்தான் வரும் என்றார்கள். ஐந்தாம் நாள் எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

"எந்த ஊரு பாப்பா நீ?" என்று கேட்டார், சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போதே.

"நாமக்கல் பக்கமுங்க. எங்கப்பாவும் டிரைவர்தாங்க."

"அட, நம்மூட்டுப் புள்ள! என்ன வண்டி?"

"பன்னெண்டு சக்கரமுங்க. வடக்க லோடு."

"அப்பச் சரி, எம் வண்டிய ஆருகிட்ட உடறதுன்னு இருந்தேன். இஞ்சின் வேலை முடிஞ்சுது அம்மிணி. பிக்கப்புத்தான் வரல."

அப்படித்தான் பேசுவார். ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கும். ஆனால் நகைச்சுவை குறையாது. மூச்சை இழுத்து மூன்று பந்துகளை மேலே ஏற்றும் பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்தோம். ஒரு பந்து பாதி எழும்பி, நடுங்கி, விழுந்துவிடும். "மேட்டுல லோடோட நிக்குது பாப்பா, ஆராச்சும் பின்னால தள்ளுனாத்தான் உண்டு" என்பார். நாங்கள் சிரிப்போம். எக்ஸ்ரேயில் இடது பக்கம் அடியில் வெளுத்துத் தெரிந்தது. நுரையீரலின் கீழ்ப்பகுதி சுருங்கியிருக்கிறது, பைபாஸ் முடிந்த பலருக்கும் வருவதுதான், பயிற்சி செய்தால் விரியும் என்று பெரிய டாக்டர் முடிவு செய்தார். நியாயமான முடிவுதான். விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றைந்து, கவலைப்பட வேண்டாத எண். காலையிலும் தொண்ணூற்றைந்து, மாலையிலும் தொண்ணூற்றைந்து.

அவர் மனைவி பாவாயி கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருப்பார். கேட்டால் மட்டும் பேசுகிறவர். நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

அவர் வார்டுக்கு வந்த இரண்டாம் நாள் மதியம் கோகிலா என்னிடம் வந்தாள். அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்.

"அக்கா, அந்தப் பதினொண்ணாம் பெட்டுக்காரரு படுக்கவே மாட்டேங்கிறாருக்கா. சாப்பாட்டுப் பலகை மேல தலகாணி வெச்சுக் கவுந்து உக்காந்துக்கிட்டே தூங்கறாரு."

நான் சிரித்தேன். "லாரிக்காரங்க அப்படித்தான் கோகிலா. எங்கப்பாவும் ஸ்டியரிங் மேல தலைய வெச்சுத்தான் தூங்குவாரு. சின்ன வயசுல எத்தன தடவ பாத்திருக்கேன்."

பிறகு அவரிடமே சத்தமாகக் கேட்டேன். "ஏனுங்க, ஸ்டியரிங் ஞாபகமா?"

அவர் தலையைத் தூக்கி என்னை ஒரு கணம் பார்த்தார். "ஆமா ஆமா. பழக்கம் பாப்பா, பழக்கம்" என்றார்.

புத்தகத்தில் இல்லாத ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியுமா, லாரிக்காரன் மகளுக்குத்தானே தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அன்று மாலை கோகிலா ஷிப்ட் மாற்றும் குறிப்பில் "உட்கார்ந்து தூங்கும் பழக்கம் உள்ளவர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த வரி அடுத்த ஷிப்டுக்குப் போனது, அதற்கடுத்த ஷிப்டுக்கும் போனது. மூன்று நாளில் அது நான் சொன்ன வார்த்தையாக இருக்கவில்லை, அவருடைய வரலாறாக ஆகிவிட்டது. ஈ.சி.ஜி. எடுக்க வந்தவர் அவரைச் சாய்த்து உட்கார வைத்தே எடுத்தார். டாக்டர்கள் உட்கார வைத்தே முதுகில் குழல் வைத்துக் கேட்டார்கள். நாங்கள் உட்கார வைத்தே கிளிப் மாட்டினோம். தாள் முழுக்கத் தொண்ணூற்றைந்து.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள். மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. பெரியண்ணன் சாப்பிடவில்லை. கண் சிவந்து, நெற்றியில் வேர்த்திருந்தது. கோபமாகக் கோகிலாவின் கையைத் தட்டிவிட்டார். நான்கு நாள் சரியாகத் தூங்காத மனிதர். டியூட்டி டாக்டர் வந்து பார்த்தார். இளைஞர், நல்லவர், அன்று காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தவர். ஆக்சிஜனைப் பார்த்தார், தொண்ணூற்றைந்து. குறிப்பைப் படித்தார்.

"வீட்டுக்குப் போற பயம் சிஸ்டர். தூக்கமும் இல்ல. தூங்கறதுக்கு ஒரு ஊசி எழுதறேன். போட்டுட்டு நல்லாப் படுக்க வெச்சிருங்க. ஒரு நாலு மணி நேரம் தூங்குனா தெளிஞ்சிருவாரு."

ஊசியை நான்தான் எடுத்து வந்தேன். தட்டைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டு, பாவாயியிடம் சும்மா ஆறுதலுக்காகச் சொன்னேன். "கவலப்படாதீங்கம்மா. லாரிக்காரரு, படுத்துத் தூங்கிப் பழக்கமில்ல. இன்னைக்கி நாங்க நல்லாப் படுக்க வெச்சுத் தூங்க வெக்கறோம்."

பாவாயி நிமிர்ந்து பார்த்தார்.

"பழக்கமில்லைன்னு ஆரு சாமி சொன்னா?"

"இல்லம்மா, வண்டியில..."

"வண்டியில சீட்டுக்குப் பின்னால பலகை இருக்குதல்லொ? அதுல நீட்டி மல்லாந்துதான் படுப்பாரு. ஊட்டுக்கு வந்தாலுஞ் செரி. படுத்தாருன்னா கொறட்டை மூணு ஊட்டுக்குக் கேக்கும். உக்காந்துக்கிட்டுத் தூங்குனா வண்டி எங்க சாமி போகும்? பள்ளத்துக்குத்தான் போகும்." குரல் தாழ்ந்தது. "ஆபரேசன் பண்ணுன பொறவுதான் இப்பிடி. நீங்கெல்லாம் படிச்சவிய, உக்காரத்தான் சொல்லியிருப்பீங்கன்னு இருந்தேன்."

நான் பெரியண்ணனைப் பார்த்தேன். அவர் பாவாயியை முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, படுத்தா என்ன பண்ணுது? நெசத்தச் சொல்லுங்க."

அவர் முறைப்பை விட்டுத் தலை குனிந்தார். "நெஞ்சு மேல ஆரோ ஏறி உக்காந்துக்கறாங்க பாப்பா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மறுக்காவும் வாயில அந்தக் கொழாய உட்டுருவீங்க. நீயா ஸ்டியரிங் ஞாபகமான்ன. நானும் ஆமான்னுட்டேன்."

அந்தக் குழாயோடு அவர் விழித்துக் கிடந்த நாட்கள் எனக்குத் தெரியாது. அதற்கு அவர் எவ்வளவு பயந்தார் என்பதும் தெரியாது. ஒளிந்துகொள்ள இடம் தேடிய மனிதருக்கு என் பெருமையே மறைப்பாகிவிட்டது.

"ஒரே ஒரு நிமிஷம் படுங்க. நான் கையப் புடிச்சுக்கறேன். முடியலைன்னா உடனே தூக்கிருவேன்" என்றேன். கோகிலா கட்டிலின் தலைப்பக்கத்தை மெதுவாக இறக்கினாள். நான் அவர் சட்டையை விலக்கி, விரலில் கிளிப்பை மாட்டி, வயிற்றைப் பார்த்தேன்.

மூச்சை உள்ளே இழுத்தால் வயிறு மேலே எழும்ப வேண்டும். குழந்தைக்கும் அப்படித்தான், நமக்கும் அப்படித்தான். அவருக்கு மார்பு மேலே ஏற, வயிறு உள்ளே போனது. ஒவ்வொரு மூச்சுக்கும் போனது. கழுத்துத் தசைகள் கயிறு மாதிரி புடைத்தன. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றிரண்டு. எண்பத்தொன்பது. எண்பத்தாறு என்று கருவி கத்தத் தொடங்கியபோது அவர் என் மணிக்கட்டை இறுக்கிய இறுக்கில் வளையல் உடைந்தது. தூக்கி உட்கார வைத்தோம். இரண்டு நிமிடத்தில் மறுபடியும் தொண்ணூற்றைந்து, ஒன்றுமே நடக்காதது போல.

ஊசி தட்டில் இருந்தது. அதைப் போட்டு, படுக்க வைத்து, திரையை இழுத்து மூடிவிட்டுப் போயிருந்தால், விழித்திருந்து உட்கார்ந்துகொள்ளும் அந்த ஒரு பாதுகாப்பையும் அவரிடமிருந்து நான் பறித்திருப்பேன். போனை எடுத்தேன்.

"சார், பதினொண்ணுக்கு ஊசி போடலீங்க."

"ஏன்?"

"படுக்க வெச்சா எண்பத்தாறுக்கு எறங்குது. மூச்சு இழுக்கறப்ப வயிறு உள்ள போகுதுங்க."

"சிஸ்டர், ரவுண்ட்ஸ்ல பெரிய டாக்டரே பாத்துட்டாரு. நாளைக்கு டிஸ்சார்ஜ். நீங்க புதுசா வியாதி கண்டுபிடிக்காதீங்க."

"நான் வியாதி பேரு எதுவும் சொல்லலீங்க சார். பாத்ததச் சொல்றேன். நீங்க வந்து ஒரு தடவ பாத்துட்டுச் சொன்னீங்கன்னா போடறேன். அது வரைக்கும் போட மாட்டேனுங்க."

"மறுத்ததா எழுதிருவேன்."

"எழுதுங்க சார். நானும் இப்ப எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அது வீறாப்புப் பேச்சு இல்லை. ஒரு கையில் போன், மறு கையில் பேனா. அந்தத் தாளில் முதல் முறையாக "உட்கார்ந்தபடி 95, படுத்தபடி 86" என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அவர் வந்தார். கோபத்தோடுதான் வந்தார். பெரியண்ணனைப் பாதிவரை சாய்த்து வயிற்றில் கை வைத்தவர், கையை எடுக்காமல் அப்படியே நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றார். பெரிய டாக்டரை அழைத்தார்.

ஸ்கேன் கருவி கட்டிலுக்கே வந்தது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கூடாரத் துணி போல ஒரு தசை இருக்கிறதல்லவா, உதரவிதானம், அதன் வலப்பக்கம் மூச்சுக்கு மூச்சு இறங்கி ஏறியது. இடப்பக்கம் அசையவே இல்லை. அந்தத் தசைக்கான நரம்பு கழுத்திலிருந்து கிளம்பி இதயத்தை ஒட்டியே இறங்குகிறது. அறுவை சிகிச்சையில் இதயத்தைச் சுற்றிக் கொட்டும் பனிக்கட்டியின் குளிரிலோ, மார்புச் சுவரிலிருந்து ரத்தக்குழாயைப் பிரித்தெடுக்கும்போதோ அது அடிபடலாம். நல்ல கைகளிலும் நடக்கும். குழாயோடு இருந்தவரை இயந்திரமே காற்றைத் தள்ளியதால் வெளியே தெரியவில்லை. எக்ஸ்ரேயில் தெரிந்த வெளுப்பும், நுரையீரல் தானாகச் சுருங்கியது அல்ல, செயலிழந்த தசை மேலே ஏறி அதை அழுத்தியதால் வந்தது. உட்கார்ந்திருந்தால் குடல் கீழே தொங்குவதால் சமாளித்துக்கொள்வார். படுத்தால் எல்லாம் மேலே தள்ளும். பீடியில் பாதி போன நுரையீரலுக்கு அந்தப் பாரம் தாங்காது.

பெரிய டாக்டர் இதை அவருக்கு விளக்கினார். பெரியண்ணன் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப தார்ப்பாய்ல ஒரு பக்கம் கயிறு அவுந்து போச்சுங்கறீங்க. இழுத்துக் கட்டிரலாமுங்களா?" என்றார்.

"கயிறு தானா வளரணுங்க. மாசக்கணக்காகும். வளரலாம், வளராமயும் போகலாம்."

"மறுக்காக் கொழாயிங்களா?"

"வேண்டாம். படுக்கறப்ப மூக்குல ஒரு மாஸ்க் மட்டும். காத்து அது தள்ளும்."

அவர் அழுதார். அதுவரை ஒரு முறையும் அழாதவர். பாவாயி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார்.

தங்கைகளே, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது. பெரிய டாக்டர் பழைய குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"'உட்கார்ந்து தூங்கும் பழக்கம்.' இத யார் எழுதினது?"

அடியில் கோகிலாவின் கையெழுத்து இருந்தது. அவள் எனக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் முன்புதான் எல்லோர் முன்னாலும் எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். ஊசியைத் தடுத்தவள் நான். அந்தப் பெயரோடு அப்படியே நின்றுவிடலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை. அவள் சேர்ந்து மூன்று வாரம்தான். புதுப் பெண், தெரியாமல் எழுதிவிட்டாள் என்று விட்டுவிடுவார்கள். அப்படியும் எனக்குத் தோன்றியது. மறைக்காமல் எழுதுகிறேன்.

"கை அவளோடதுங்க சார், வார்த்தை என்னோடது. எங்கப்பாவும் லாரிக்காரர். எனக்குத் தெரியும்னு நான்தான் சொன்னேன். அவரையோ அவங்க வீட்டம்மாவையோ ஒரு வார்த்தை கேக்கல."

பெரிய டாக்டர் அந்த வரியிலிருந்து விரலை எடுத்தார். "எக்ஸ்ரேயப் பாத்து எனக்கும் தெரியும்னுதான் நானும் சொன்னேன்" என்றார். தாளை மூடிவிட்டுப் போனார்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கேட்டேன். "ஏம்ப்பா, நீங்க ஸ்டியரிங் மேல தலைய வெச்சுத்தானே தூங்குவீங்க?"

"ஆரு? நானா?"

"லாரி நிக்கற எடத்துக்கு நான் சோறு எடுத்துக்கிட்டு வருவேனே. அப்பெல்லாம் அப்படித்தானே கவுந்திருப்பீங்க."

அப்பா சிரித்தார். "அது தூக்கம் இல்ல சாமி, பசி. நீ பள்ளிக்கூடம் உட்டு வார வரைக்கும் தலைய சாச்சுக்கிட்டு ரோட்டப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

என் சொந்தத் தகப்பனைப் பற்றியே எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த அறிவை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் சொத்து. பாவாயி போன்றவர்கள் உங்களிடம் வாய் திறப்பதே அதனால்தான். ஆனால் அது கேள்வி கேட்க உதவ வேண்டும், பதில் சொல்லிவிடக் கூடாது. பின்னால் ராசிபுரத்துத் தறிக்காரர் ஒருவர், பைபாஸ் முடிந்து, சுண்டு விரலில் பட்டு இழை பட்டாலும் தெரியவில்லை என்றார். ஆபரேஷன் ஆன உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டு, எந்த விரல், எந்தப் பக்கம், எப்போதிலிருந்து என்று கேட்டு எழுதினேன். அதுவும் நரம்புதான். நெஞ்செலும்பை விரித்தபோது இழுபட்ட கை நரம்பு. கேட்டதால் சீக்கிரம் தெரிந்தது.

எண்ணை எழுதும்போது அந்த மனிதர் எப்படி இருந்தார் என்பதையும் எழுதுங்கள். உட்கார்ந்தா, படுத்தா, நடந்துவிட்டு வந்தா. இந்த வார்டின் தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சடித்தவர்கள் போட்டதல்ல. நானும் கோகிலாவும் ஸ்கேல் வைத்துக் கோடு போட ஆரம்பித்தது.

பெரியண்ணன் மாஸ்க்கோடுதான் வீட்டுக்குப் போனார். பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் முதலில் எங்கள் வார்டுக்கு வந்து எட்டிப் பார்ப்பார். வடக்கே லோடு ஏற்றிப் போகும் வேலை முடிந்துபோயிற்று. அதைப் பற்றி அவர் ஜோக் எதுவும் சொல்லவில்லை. இடப்பக்கம் முழுசாகத் திரும்பவில்லை, கொஞ்சம் அசையத் தொடங்கியது என்றார்கள்.

எட்டாவது மாதம் ஈ.சி.ஜி. எடுக்க வந்தார். நான் அந்த அறைக்குள் போனபோது பாவாயி வாசலிலேயே என்னை நிறுத்தி, உதட்டில் விரல் வைத்தார். உள்ளே மெஷின்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கம்பிகளை மாட்டுவதற்குள் பெரியண்ணன் தூங்கிவிட்டாராம். எழுப்பலாமா என்று கண்ணால் கேட்டார். வேண்டாம் என்றேன்.

மல்லாந்து படுத்திருந்தார். ஒரே தலையணை. பாவாயி சொன்ன குறட்டை மெலிதாக வந்தது. நான் பக்கத்தில் நின்று வயிற்றைப் பார்த்தேன். மேலே வந்தது. இறங்கியது. மறுபடியும் மேலே வந்தது. விரலில் கிளிப்பை மாட்டி, அவர் தாளை எடுத்து, என்னால் முடிந்த அளவு அழகான கையெழுத்தில் எழுதினேன்:

படுத்தபடி 93. தூங்குகிறார்.